நாற்பத்தெட்டாவது கூட்டம்

விசுவமடு, ஏழாம் வாய்க்கால்.
பொதுமண்டபத்துக்குக் கூரை இல்லை.
வெளியே பாலைமரத்தின் கீழ் கூடினோம்.
கமநல நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்:
சென்ற கூட்ட அறிக்கை இல்லாமல்
மானிய உரம் இல்லை.

சென்ற கூட்டம் நடந்து மூன்று வருடம்.
அறிக்கைப் புத்தகம் எங்கே விடுபட்டதென்று
செயலாளருக்குத்தான் தெரியும்.
செயலாளர் எங்கேயென்று
ஒருவருக்கும் தெரியாது.

என்னிடம் இருந்தது
மகனுக்கு நிவாரணத்தில் கிடைத்த கொப்பி,
அட்டையில் ஓர் ஒட்டகச்சிவிங்கி.
கையெழுத்து வடிவு என்பதால்
அன்று நான் செயலாளர்.
வேறு தகுதி கேட்கப்படவில்லை.

"ஒண்டிலையிருந்து தொடங்குவம்" என்றார் நேசரத்தினம்.
"தொடங்கினா நீ தரவேண்டிய குழாயும் போச்சோ?"
வில்வராசா எழும்பிவிட்டார்.

அந்த இடத்தில்தான் நுனி பிடிபட்டது.
நூறடிக் குழாய். இரவல் போய்
எண்பதடியாகத் திரும்பி வந்தது.
மிச்ச இருபதடிக்காக
நாற்பத்தேழாம் கூட்டத்தில் இருவரும் கட்டிப்புரண்டதை
எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தார்கள்:
யார் யாரைப் பிடித்தது,
எந்தக் கதிரை உடைந்தது,
அதற்கு யார் பொறுப்பென்று தலைவர் கேட்கச்
சிவக்கொழுந்து வாய்விட்டுச் சிரித்தது.
சிவக்கொழுந்தின் பெயர் வந்ததும்
பேனையை மூடி வைத்தேன்.
பிறகு திறந்தேன்.

கிணற்றில் விழுந்த வாளிக்குப்
பாதாளக்கரண்டி போடுவதுபோல்
அந்தச் சண்டையைப் போட்டுத் துழாவினோம்.
ஒவ்வொரு வரியாகக் கூட்டம் மேலே வந்தது.
வாய்க்கால் துப்புரவு: பிரேரித்தவர் கந்தப்பு.
ஆமோதித்தவர்...
"செத்த ஆளின்ர பேர் போடலாமோ?"
"அண்டைக்கு உயிரோடதானே ஆமோதிச்சது. போடு."

ஐந்து விடயம் எழுதியாயிற்று.
வேலியோரம் குந்தியிருந்த ரெங்கசாமி எழுந்தார்.
எழுபத்தேழில் மலையிலிருந்து வந்தவர்.
இந்த வாய்க்காலில் பாதி அவர் வெட்டியது.
காணிப் பத்திரம் இல்லையென்று
முப்பது வருடம் வேலியோரம்.
"ஆறாவதா ஒண்ணு இருந்துச்சுங்க.
என்னைய மெம்பரா சேக்குறது."

இருந்ததா?
நான் அன்று கடைசிவரை இருந்தவன்.
எனக்கு ஞாபகம் இல்லை.
தலைவர் கொப்பியை எட்டிப் பார்த்தார்,
எழுதாத பக்கத்தில் விடை இருப்பதுபோல.
குழாய்க்காரர் இருவரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
"ஓம், இருந்தது" என்றார் வில்வராசா.
"பிரேரிச்சது நான்."
நேசரத்தினம் தொண்டையைச் செருமினார்.
"ஆமோதிச்சது நான்.
குழாய்க் கதை வேற."

ஆறு என்று இலக்கமிட்டேன்.
மை திட்டாக விழுந்தது, அழிக்கவில்லை.

பிறகு யாப்பு வந்தது, வங்கிக் கணக்கு வந்தது,
பதிவு இலக்கம் பொறித்த றப்பர் முத்திரை வந்தது.
கொழும்பிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள்
சுவரில் வெள்ளைத்தாள் ஒட்டி,
உங்கள் அமைப்பின் தூண்கள் எவை என்றார்கள்.
வெளிப்படைத்தன்மை என்றோம்.
பங்கேற்பு என்றோம்.
கைதட்டிவிட்டுச் சோற்றுப்பார்சல் தந்தார்கள்.

போன மாதம் நேசரத்தினத்தின் மகன்
புதுக்குழாய் இருபதடியைச் சுருட்டித்
தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.
அப்பா காலமாகிவிட்டார், கணக்கை முடிப்பம் என்றான்.
வில்வராசா குழாயைத் தொட்டுப் பார்த்தார்,
தடிப்புப் போதாது என்றார்.
அடுத்த கூட்டத்திலை கதைப்பம் என்றார்.

எழுதிக்கொண்டேன்.