புரை ஏறவில்லை

களியை மெல்லக் கூடாது.
உருட்டி, குழம்பில் தொட்டு, விழுங்க வேண்டும்.
தர்மபுரிப் பக்கம் பல் முளைக்கும் முன்பே
தெரிந்துவிடும் அது.

காரிமங்கலம் பைபாஸ் மெஸ்ஸில் அன்று
இரண்டாவது உருண்டையோடு சேர்ந்து
சரியாக வேகாத கறித்துண்டு ஒன்று இறங்கியது.
பக்கத்து இலைக்காரர் உச்சந்தலையில் தட்டினாராம்:
"யாரோ நினைக்கிறாங்க."
இன்னொருவர் தண்ணீரை வாயில் சரித்தாராம்.

திம்மராஜ் இருமவேயில்லை.
இருமினால் பயமில்லை, சத்தம் வந்தால்
காற்று போகிறது என்று அர்த்தம்.
கழுத்தைப் பிடித்தபடி சத்தமில்லாமல் எழுந்தவருக்கு
கை கழுவப் போகிறார் என்று
வழிவிட்டிருக்கிறார்கள்.

கல்லாவிலிருந்த பவுனம்மாதான் ஓடிவந்து
முதுகில் ஐந்து குத்து.
பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து
தொப்புளுக்கு மேலே உள்வாக்கில்.
பெரிய வயிறு. கை எட்டவில்லை.
அவள் மேலேயே சாய்ந்தார்.

108 போனில் சொல்லச் சொல்ல
நெஞ்சை அமுக்கினாள்.
நாங்கள் போய்ச் சேரப் பதினொரு நிமிடம்.
உள்ளே நுழைந்தபோது நிமிரவில்லை,
"இருபத்தெட்டு, இருபத்தொன்பது" என்றாள்.

மகபூப் தன் கையை வைத்தான்.
நான் மெஷினை ஒட்டினேன்.
அது கொஞ்சம் யோசித்து, ஷாக் வேண்டாம் என்றது.
சுற்றி நின்றவர்கள் அதை
நல்ல செய்தி என்று நினைத்துவிட்டார்கள்.
விளக்க நேரமில்லை.

வாயைத் திறந்து
சின்ன விளக்கில் தொண்டைக்குள் பார்த்தேன்.
கேழ்வரகு நிறத்தில் ஈரம்.
அதற்கடியில், வெள்ளை நரம்போடு ஒரு முனை.
இடுக்கி வழுக்கியது.
மறுபடி.
வந்தது, பாதி நெல்லிக்காய் அளவு.
"இவ்வளவுதானா?" என்றார் மெஸ்காரர்,
கறி சின்னதாகப் போட்டதாக
யாரோ குறை சொன்ன மாதிரி.

சட்டைப்பையில், மகபூபின் கைக்கு அடியில்,
போன் அதிர்ந்துகொண்டேயிருந்தது.
எடுத்து ஓரம் வைத்தேன்.
"மாங்கா மண்டி பாக்கி."
நினைத்தது இவர்கள்தான்.

கழுத்தில் இரண்டு விரல்.
முதலில் என் துடிப்புதான் கிடைத்தது.
பிறகு அவருடையது,
வேறு தாளத்தில், மெலிதாக.

மருத்துவக் கல்லூரியில்
எத்தனை நிமிடம் மூச்சில்லாமல் என்று கேட்டார்கள்.
பவுனம்மாவுக்கு போன் போட்டேன்.
"தெரியலைக்கா. முப்பது ஆனதும்
திரும்ப ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சேன்."

வைக்கப் போனவள் நிறுத்தினாள்.
"அவர் இலை அப்படியே இருக்கு.
ஒரு உருண்டை மிச்சம்.
எடுக்கவா, வேண்டாமா?"