நிறுத்தாமல் வந்த மெஷின்

பில் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
தில்ஷாத் மிஸ் அதை வாசித்துக் காட்டவில்லை.
புரொஜெக்டரில் போட்டுவிட்டு
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை,
சமுதாயக் கல்லூரியின் மேல்மாடி. கீழே டயர் கடை.
ஆறரை முதல் எட்டரை வரை நாங்கள் பதினோரு பேர்:
கிரானைட் பட்டறையில் பாலீஷ் போட்டுப் போட்டு
இடது காது மந்தமான திம்மராயன்,
ஓசூர் கம்பெனி ஆள்குறைத்தபோது
அடையாள அட்டையைத் திருப்பித் தராமல் வந்த அப்சர்,
மாம்பழக்கூழ் ஃபேக்டரியில்
மூன்று மாதம் வேலை, ஒன்பது மாதம் காத்திருப்பு என்று
ஆறு வருடம் ஓட்டிய நான்.
மற்றவர்களை அப்புறம் சொல்கிறேன்.

முதல் நாளே மிஸ் சொல்லிவிட்டார்:
கிளவுட் என்றால் மேகமில்லை.
எங்கேயோ ஒரு கட்டடம்,
உள்ளே வரிசையாய் இரும்பு அலமாரி,
ஏசி, வாசலில் செக்யூரிட்டி.
அடுத்தவர் கம்ப்யூட்டரை
மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது.
"அப்போ ஜேசிபி மாதிரியா?" என்றார் திம்மராயன்.
"ஜேசிபி மாதிரியேதான்."
எனக்கு அது போதும் என்று பட்டது.

போதவில்லை.
கண்ணில் படாத ஒன்றை
இங்கிருந்தே எப்படித் தட்டி எழுப்புவது?
மூன்று நாள் விழித்தேன்.
நாலாம் நாள் நடுராத்திரி மும்முனை கரண்ட் வந்தது.
என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே
போனில் ஓர் எண்ணை அழுத்தினார்.
நாகரசம்பட்டி போகிற வழியில்,
இரண்டு கிலோமீட்டர் தள்ளி,
கிணற்று மோட்டார் ஓட ஆரம்பித்தது.
"மோட்டார் இயங்குகிறது" என்று
போனுக்குள் ஒரு பெண்குரல்.
எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
இதுதானே! இதையா
இங்கிலீஷில் இத்தனை பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள்?

மறுநாள் நானே ஒரு சர்வரை எழுப்பினேன்.
பெயர் கேட்டது. கிணறு ஒன்று என்று வைத்தேன்.
பட்டியலில் பெரிதாய் ஒன்றைப் பார்த்து எடுத்தேன்,
கல்யாணத்துக்கு அண்டா எடுப்பதுபோல.
அதில் ஒரே ஒரு பக்கம், ஒரே ஒரு வார்த்தை: வணக்கம்.
அப்சர் தன் போனில் திறந்து பார்த்து
பதிலுக்குக் கும்பிட்டார்.
எட்டு இருபத்தைந்து. காவேரிப்பட்டணம் பஸ்.
லேப்டாப் மூடியைச் சாத்தினால்
அதுவும் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

பத்தொன்பது நாள்.
மணிக்கு ஒன்பது ரூபாய் சொச்சம்.
யாரும் வராத வாசலில்
வணக்கம் வணக்கம் என்று நின்றிருக்கிறது.

சீசனில் லாரி வராத ராத்திரிகளில்
டின்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்போம்.
"வேலையில்லாத நேரத்துக்கு ஏதும்மா கூலி?"
என்பார் மேஸ்திரி.
சும்மா நின்ற மெஷினுக்கு
நிமிஷம் விடாமல் எண்ணி வாங்கியிருக்கிறார்கள்.
கோபம் வந்தது. கொஞ்சம் பொறாமையும்.

டிபன் பாக்ஸ் மூடி சுற்றி வந்தது.
கவுரம்மா நூறு. ஜெசிந்தா ஐம்பது.
பேச்சே கொடுக்காத நாகோஜி ராவ் இருநூறு.
மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது.
மிஸ் வாங்கவில்லை.
இரண்டாம் முறை நீட்டியபோது வாங்கிக்கொண்டார்.
அது அவர் சொந்தக் கார்டு.
மூன்று மாதமாய்ச் சம்பளம் வரவில்லை,
இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்கு.

மீதிக்குக் கம்பெனிக்கு எழுதச் சொன்னார், என்னையே.
நான் மாணவி. மறந்துவிட்டேன். மன்னிக்கவும்.
இங்கிலீஷில் மூன்று வரி, நாற்பது நிமிஷம்.
பதில் இன்னும் வரவில்லை.

இப்போது எட்டு முப்பதுக்கு எல்லாம் தானாக நிற்கிறது.
திம்மராயன் எழுதிய விதி.
ஏழாவது வரியில் ஒரு கமா விட்டுப்போய்
இரண்டு நாள் தூங்கவில்லை அவர்.
பஸ்ஸில் பட்டியலைத் திறந்து பார்க்கிறேன்.
கிணறு ஒன்று: நின்றிருக்கிறது.
மனசு கேட்காமல்
நிஜக் கிணற்றுக்கும் ஒரு போன் போட்டேன்.
"மோட்டார் நிறுத்தப்பட்டுள்ளது" என்றாள் அந்தப் பெண்,
எந்த நேரத்திலும் மாறாத குரலில்.
அவளுக்கு மணிக்கு எவ்வளவோ.