கூடல் நகரில் மூவரும் சரி

பிறக்கும்போது எல்லா எஞ்சினுக்கும்
முகவரி மூன்று.
தொழிற்சாலை அப்படித்தான் அனுப்புகிறது.
தெரியாமல் முதல் இரவு
"மூன்று, மெல்லப் புறப்படு" என்றேன்.
நீலமும் சிவப்பும் சேர்ந்தே கிளம்பி
வளைவில் முட்டிக்கொண்டு நின்றன.
எங்கள் வகுப்பில் நான்கு மீனாட்சிகள், அதே கதை.
டீச்சர் இனிஷியல் சேர்த்தாள்,
நான் எண் மாற்றினேன்.
சரக்கு வண்டி பதினேழு.
பாசஞ்சர் நாற்பத்திரண்டு.
எக்ஸ்பிரஸ் ஐம்பத்தாறு.

செல்லூரில், மாடியில், எட்டுக்கு நாலு பிளைவுட்.
கீழே என் பல் லேப்.
மிஞ்சிய பிளாஸ்டரில் நாகமலை வார்த்தேன்,
உற்றுப் பார்த்தால் அடிவாரத்தில்
யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்.
வைகைக்கு வெறும் மணல்.
அதற்குப் பெயின்ட் செலவில்லை.

தண்டவாளம் பதினொரு துண்டு.
துண்டில் சக்கரம் ஏறினால்
மில்லி ஆம்பியர் கொஞ்சம் கசியும்,
இங்கே ஆள் இருக்கு என்று லேப்டாப்புக்குச் செய்தி போகும்.
டவுன்ஹால் ரோட்டில் செல்போன் பிரிக்கும் மீரான்
கடுகளவு ரெசிஸ்டரை
பெட்டிகளின் அச்சில் பற்றவைத்துக் கொடுத்தான்.
"மோட்டார் இல்லாததும்
நான் இருக்கேன்னு சொல்லணும்ல" என்றான்.
நான் பெட்டியைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தேன்.

சட்டம் ஒன்றே ஒன்று எழுதினேன்:
முன்துண்டு காலியா, போ.
இல்லையா, நில்.
மூன்று வாரம் கையே வைக்கவில்லை.
சோழவந்தானில் ஒன்று ஒதுங்க
பாயின்ட் டிக்கென்று சாய
பச்சை விழ
இன்னொன்று கடந்து போகும்.
என்னைக் கேட்காமலே எல்லாம் நடப்பதில்
முதலில் பெருமை.
பிறகு கொஞ்சம் பொறாமை.

ஆடியில் ஒரு செவ்வாய் இரவு
அறையில் சத்தமே இல்லை.
கரண்ட் இருக்கிறது, பேன் சுற்றுகிறது.
கூடல் நகரில் இரண்டே தடம்.
ஒன்றில் பதினேழு, ஒன்றில் நாற்பத்திரண்டு,
இரண்டுக்கும் வடக்கே சமயநல்லூர் போகணும்.
அங்கிருந்து வந்த ஐம்பத்தாறோ
வெளிச் சிக்னலில்
ஒற்றைப் பாதையை அடைத்துக்கொண்டு.
நிஜத்தில் அங்கே இரட்டைப் பாதைதான்,
என் பலகையில் அதற்கு அகலமில்லை.

மூவரும் சட்டப்படி.
ஒருவர் மீதும் தவறில்லை.
விளக்கெரிய, நீ நகர்ந்தால் நான் என்று
முப்பத்தெட்டு நிமிடம்.
லேப்டாப்பில் பிழை என்று ஒரு வரிகூட இல்லை.

மீரானுக்குப் போன் போட்டேன். சிரித்தான்.
"எங்க வாப்பா வீட்டுப் பாகம்
பதினாலு வருஷமா இதே சிக்னல்லதான் நிக்குதுக்கா.
ஒண்ணக் கையால தூக்கி வைங்க."

தூக்கலாம்.
போன மாதம் அவன் மகள் ஷமீனா
நாற்பத்திரண்டைத் தூக்கி நாகமலை உச்சியில் வைத்தாள்.
விடியும்வரை லேப்டாப்
அங்கில்லாத வண்டிக்கு
இடம் பிடித்து வைத்திருந்தது.

தூக்கவில்லை.
ஐம்பத்தாறை மூன்றடி பின்னால் போகச் சொன்னேன்.
கௌரவம் பார்க்காமல் போனது.
பிறகு உட்கார்ந்து இரண்டாவது சட்டம்:
இறங்க இடம் இருக்கிறதா என்று பார்க்காமல்
பாதையில் ஏறாதே.
கூடல் நகரில் ஒரு தடம்
எதிரே வருபவனுக்கு. சும்மா கிடக்கட்டும்.

இரண்டு மணி சுமாருக்கு வெளியே
நிஜச் சரக்கு வண்டி ஒன்று ஊதிக்கொண்டு வேகம் குறைத்தது.
ஜன்னல் கம்பி கொஞ்ச நேரம் நடுங்கியது.

அந்தக் காலித் தடத்தில் இப்போது
ஒரு பல்லி வந்து படுக்கிறது.
பல்லிக்கு அச்சில்லை, ரெசிஸ்டர் இல்லை,
லேப்டாப் கணக்கில் அது இல்லவே இல்லை.
ஐம்பத்தாறு உள்ளே நுழையும்போது
வாலை இழுத்துக்கொண்டு மலைப்பக்கம் ஒதுங்கும்.
போனதும் திரும்ப
அதே இடம்.