சுரங்கம் தந்த அளவு

முதலில் வந்தது டாங்கி அல்ல,
சுரங்கம்.
ரயில்வேக்காரர்கள் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள்:
பாறையில் குடைந்த வழியின் குறுக்குவெட்டு,
குதிரை லாடம் போல.
"இதற்குள் போக வேண்டும்" என்றார் கீகாக்ஸ்,
"மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம்."

வெளிநாட்டு டாங்கிகள் விலைக்குக் கிடைத்தன.
பருத்தவை, சமவெளியில் வளர்ந்தவை.
எங்களுடையது விரலுக்குத் தகுந்த வீக்கம்.
எண்பது வருடத்துக்கு முன்
வெடிப்புகையில் இருமிக்கொண்டு
மலையைக் கொத்திய இத்தாலியக் கூலிகள்
போதும் என்று நிறுத்திய இடத்தில்
நாங்கள் கவசத்தை நிறுத்தினோம்.
மூன்று மீட்டரும் கொஞ்சமும்.
அந்தக் கொஞ்சத்துக்கு ஏழு மாதம் ஆனது.

நான் க்ளாரா ட்சூர்ப்ரூக்.
தூன் நகரத்துப் பட்டறை, மூன்றாம் மாடி, வடக்கு ஜன்னல்.
முப்பத்தைந்து டன் எஃகும்
என் மேசையில் மையாகத்தான் இருந்தது.
கோடு பிசகினால் சவர பிளேடால் சுரண்டுவேன்.
தாள் கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான்.

அடியில் குறுக்குத் தண்டுகள் கொடுத்தால்
வண்டி உயர்ந்துவிடும்.
அதனால் கிண்ண வில்கள்:
ஒன்று கவிழ்ந்து ஒன்று நிமிர்ந்து,
உணவுக்கூடத்தில் கழுவி அடுக்கிய சாஸர்கள் மாதிரி.
சக்கரத்துக்குச் சக்கரம் தனி அடுக்கு.
"ஒன்று நொடித்தால் மற்றது கவலைப்படாது."
இந்த வாக்கியம் கீகாக்ஸுடையது.
அந்த வருடம்தான் அவர் மனைவி விட்டுப் போயிருந்தாள்.

மரத்தில் மாதிரி செய்தபோது
குண்டு நிரப்புகிறவன் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது.
தச்சர்கள் எல்லாரும் தடியர்கள்.
என் உயரம் பொருந்தியது, இடக்கை வேறு.
பாவாடையைச் சுருட்டிக்கொண்டு
மேல் துவாரத்தில் இறங்கினேன்.
ஈயம் ஊற்றிய மரக்குண்டு, இருபது கிலோ.
எடு, திரும்பு, ஏந்து, தள்ளு.
ஓட்டுநர் ஃபோன் கேனல் கடிகாரம் பிடித்தார்.
முப்பத்தோராவது தடவை முழங்கை இடித்தது.
இடித்த இடத்தில் சாக்பீஸால் குறி போட்டேன்.
வானொலிப் பெட்டி நான்கு சென்டிமீட்டர் நகர்ந்தது.

அந்த நான்கு சென்டிமீட்டர் என்னுடையது.

பிப்ரவரி, முதல் ஞாயிறு.
பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று
ஆண்கள் வாக்களித்தார்கள்.
முடிவை மாலையில் வானொலி சொன்னது.
திங்கட்கிழமை எல்லாரும் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்கள்,
தேவைக்கு மேல் கூராக.
ஃபோன் கேனல் மட்டும் என் மேசைக்கு வந்து
"நான் ஆம் என்றுதான் எழுதினேன்" என்றார்.
நான் கேட்டிருக்கவில்லை.
வரைபடத்தின் மூலையில் மூன்று கட்டங்கள்:
வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல்.
முதல் கட்டத்தில் இரண்டு எழுத்து போட்டேன்.
ஆணா பெண்ணா என்று எழுத்துக்குத் தெரியாது.

முதல் வண்டியை இரவில் ரயிலேற்றினோம்.
புறப்படுமுன் இரண்டு பக்கமும்
சுண்ணாம்பு பூசினார் ஃபோன் கேனல்.
அந்தப் பக்கம் வெளியே வந்தபோது பனி கொட்டியது.
விளக்கடித்துப் பார்த்தோம்.
வலப்பக்கம் முழு வெள்ளை.
இடப்பக்கம், கருவிப் பெட்டியின் மூலையில்,
நகமளவு கறுப்பு.

என் அளவு சரி. மூன்று முறை பார்த்துவிட்டேன்.
எங்கோ உள்ளே, இருட்டில்,
எவனோ ஒருவன் அலுத்துப்போய்
உளியைக் கீழே வைத்திருக்கிறான்.
சம்பள நாளாக இருந்திருக்கலாம்.

"பாறையைச் செதுக்கச் சொல்வோமே" என்றேன்.
கீகாக்ஸ் கையுறையை ஊதிக்கொண்டே சிரித்தார்.
"மலைக்கு எந்த முகவரியில் கடிதம் போடுவது?"

பிளேடை எடுத்தேன்.
கருவிப் பெட்டி, இட மூலை, பன்னிரண்டு மில்லிமீட்டர் உள்ளே.
அந்த இடத்தை ஏற்கெனவே இரண்டு முறை சுரண்டியிருந்தேன்.
தாளை ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது
கோட்டுக்குப் பின்னால்
ஆற்றங்கரையில் யாரோ சைக்கிளில் போவது தெரிந்தது.