ஐந்தாவது கியர்

சாக்கை விரித்துக் காருக்கடியில் கிடக்கிறான் றெஜினோல்ட்.
வெளியே நீட்டிய கால்கள்தான் பதில் சொல்கின்றன:
"ரீச்சர், இது ஹைலக்ஸின்ர பொக்ஸ்.
இருபது மூட்டை சீமெந்தோட மாங்குளம் போய் வந்தது.
உங்கட ஒஸ்ரின் இதுக்கு ஒரு தூசு."

இறக்கிய பழையதன் வயிற்றிலிருந்து
கறுத்த ஒயிலோடு
இரண்டாம் கியரின் பல் ஒன்று பேசினில் விழுந்தது.

"ஐந்து ஏன்?" என்று சிரித்தான் தம்பி.
"குடாநாடே நாலு கியரில முடிஞ்சுபோம்."

புதியது பெரிது. நடுத்தரையை வெட்டவேண்டி வந்தது.
வெட்டிய தகரத்தின் அடியில்
வெயில் காணாத பச்சை.
றெஜினோல்ட் அதை ஒயில் வாளிக்கு மூடியாக்கினான்.

சாஃப்ட்டை லேத்தில் கொடுத்து நாலு அங்குலம் குறைத்தோம்.
ஸ்பீடோ கேபிள் மட்டும் பொருந்தவில்லை;
முள் சைபரிலேயே நின்றது.
"விடுங்கோ, பொலிஸ் மறிச்சால் இதைக் காட்டுங்கோ."

பண்ணைப் பாலம். இரண்டு பக்கமும் முழங்காலளவு கடல்,
நட்ட கம்புகளில் நீர்க்காகங்கள்.
மூன்று. நாலு.
கிளச்சை மிதித்து
வலப்பக்கம் ஒதுக்கி
மேலே

எஞ்சின் நின்றுபோனதென்று நினைத்தேன்.
இல்லை, கத்துவதை விட்டிருந்தது.
இத்தனை வருசம் கேட்காத பின்கதவின் கிறீச்சுக் கேட்டது.
காற்றுக் கேட்டது.
பக்கத்தில் றெஜினோல்ட்
அடக்கிவைத்த மூச்சை விட்டதும்.

அவ்வளவுதான். மண்டைதீவுச் சந்தி வந்துவிட்டது,
குறுக்கே ஒரு மாடு.
என் இடக்கை பழக்கத்தில்
ஸ்டியரிங் தண்டுக்குப் போய்
கழற்றி எறிந்த தடியைப் பிடித்து
மூன்றுக்கு இழுத்தது.