எட்டுப் பேர், 544 கிலோ

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டான்.
மணி நாலு இருபது.
நிலக்கரி வேகனை முப்பத்தொன்று வரை எண்ணி
விட்டுவிட்டேன்.

குட்டியானையின் பின்தட்டில் பங்காரு,
மணலிப் பக்கத்துக் காற்றுக்கு மூக்கைச் சுருக்கினாள்.
மூன்றடி உயரம். நூற்று நாற்பது கிலோ.
அசல் புங்கனூர்.
பால் கணக்கு கிடையாது, ஏர் கிடையாது,
புதுவீட்டுக்குள் வலதுகால் வைக்க மூவாயிரம்,
கோமியம் விட்டால் ஐந்நூறு கூட.
"கன்னுக்குட்டி இல்லையா?" என்பார்கள்.
இவளே அந்த சைஸ்தானே சார்.

ஊசிக்காரர் செல்வநாதன் பெட்டியில்
ஜெர்சி இருக்கிறது, எச்.எஃப் இருக்கிறது.
"இந்தக் குட்டைக்கு நான் எங்க போவேன் சலோமிக்கா?"
ஜெர்சி போட்டால்
கன்று வெளியே வராது. இவள் போய்விடுவாள்.
வேண்டாம் என்று நாலு வருஷம்.

போன்: "இன்னுமா கேட்டு?"

தண்டையார்பேட்டை, ஒன்பதாவது மாடி.
வாட்ச்மேன் லிஃப்டில் சாக்கு விரித்தான்,
பலகையைப் படித்தான், எங்களைப் பார்த்தான்.
எல்லாம் சேர்த்து மூணு ஆள் கனம்தான்பா, பட்டனை அமுக்கு.

பின்சுவர் முழுக்கக் கண்ணாடி.

சித்தூரை விட்டு வந்ததிலிருந்து
இவள் உயரத்தில் இவள் கண்டதெல்லாம்
லாரி டயர், எருமை முழங்கால், என் இடுப்புச் சாவி.
இப்போது எதிரே
ஒரு நெற்றி, ஈரமூக்கு, நடுங்கும் காது.
முகர்ந்தாள்.
மூச்சு பட்டு மங்கி
அந்தப் பக்கத்தவள் காணாமல் போனாள்.
அசையாமல் நின்றாள்.
திரும்ப வந்ததும் நக்கினாள்.

கதவு திறந்தது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம்.
ஐயர் வாட்சைத் தட்டினார்.
கயிற்றை இழுத்தேன், அகத்திக்கீரை காட்டினேன்,
வீட்டுக்காரர் மச்சான் வாலை முறுக்க
அவர் கையை எடுத்துவிட்டேன்.
லிஃப்ட் கதவு மூட வரும்,
அவள் பின்தொடையில் இடித்துத் திறக்கும்,
மறுபடி மூட வரும்.
ஐந்நூறு ரூபாயை
சாக்கின் மேலேயே விட்டாள்.
யாரோ வெள்ளிச் சொம்போடு ஓடிவந்தார்கள். லேட்.

கடைசியில் மணமேடை ஏறும் பெண் மாதிரி
தலை குனிந்து உள்ளே போனாள்,
வாழைப்பழத்தைக்கூடத் தொடவில்லை.
கையில் கொடுத்தது இரண்டாயிரம்.
அதிலும் இருநூறு
லிஃப்ட் கழுவ என்று
அசோசியேஷன் பிடித்துக்கொண்டது.

இறங்கும்போது ஒன்பது மாடியும்
எனக்கு முதுகு காட்டியே நின்றாள்.

இப்போதெல்லாம் புக்கிங் வந்தால்
முகவரிக்கு முன்னால் கேட்பது:
"உங்க லிஃப்ட்ல கண்ணாடி இருக்கா?"
"ஏம்மா, மாடு மிரளுமா?"

இருக்கு என்றால்
முந்நூறு குறைத்துக்கொள்கிறேன்.