ஐம்பத்தொன்றாவது

பெயரில்தான் நெருப்பு.
அலமாரிக்குள் இருக்கும் எங்கள் தீச்சுவர்
அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கணினி.
வெளியே ஓவுலு நகரம், மைனஸ் இருபத்தேழு.
அதன் முதுகில் பூனைக்கு மட்டும் வெயில்.

வீட்டு உபயோகத்துக்கு இலவசம்,
ஐம்பது முகவரிக்கு மேல் கூடாது என்றார்கள்.
போதாதா என்று தௌனோ சிரித்தார்.
மகனையும் சேர்த்து மூன்று பேர், ஒரு பூனை.

பிறகு எண்ணிப் பார்த்தேன்.
விளக்கு மட்டும் பதினொன்று.
சவுனா அடுப்புக்கு ஒன்று,
தரை பெருக்கும் தட்டு, கதவு மணி, எடைக்கருவி,
பூனையின் தீனிப்பெட்டி.
அதுவும் எங்கோ தூரதேசத்துச் சர்வரைக் கேட்டுத்தான்
கிண்ணத்தில் கொட்டும்.
நாற்பத்தைந்தில் வந்து நின்றது.
மீதி ஐந்து இலை விருந்தாளிக்கு.

வெள்ளிக்கிழமை யோனா வந்தான்,
கயானி முகாமிலிருந்து, இரண்டு நாள் விடுப்பில்.
பின்னால் மூன்று மொட்டைத்தலைகள்.
ஊர் தூரமாம், போய்வர நேரமில்லையாம்.
நடையில் எட்டு ஈர பூட்ஸ்.
நாலு கைபேசி, இரண்டு கைக்கடிகாரம்.
பாஸ்வேர்டு என்ன என்றான் ஒருவன்,
வணக்கத்துக்கு முன்பே.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு
கார் எஞ்சினைச் சூடேற்றும் பிளக்
கண்விழித்துக் கை நீட்டியது.
முகவரி கிடைத்தது. வாசல் கிடைக்கவில்லை.
ஐம்பத்தொன்றாவது ஆள்.
அதனிடம் யாரும் காரணம் சொல்லவில்லை,
அதுவும் எங்களிடம் சொல்லவில்லை.

ஆறரைக்கு ரயில்.
சாவியைத் திருப்பினால்
தொண்டையைக் கனைத்தது கார், அவ்வளவுதான்.
தௌனோ அப்போது சொன்ன வார்த்தைகளை
வீரர்கள் நால்வரும்
விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டார்கள்.
கடைசியில் எதிர்வீட்டு ஹில்யா,
இரவு வேலைக்குக் கிளம்பிய செவிலி,
மூட்டைமேல் மூட்டையாய் அவர்களைத் திணித்துக்கொண்டு போனாள்.

இரவு பட்டியலைத் திறந்தேன்.
ரயிலேறியவர்கள் இன்னும் வீட்டில்தான்.
கடைசியாகப் பேசிய நொடியிலிருந்து
ஏழு நாள் கணக்கில் வைத்திருக்கும் இந்தப் பெட்டி.
இக்காலக் கைபேசிகள் வாசலுக்கு ஒரு முகம் மாட்டுகின்றன;
போனமுறை யோனா கொண்டுவந்த முகம் இதில் இல்லை.
பெயரில்லாத நாலு வரி.
அதில் ஒன்று என் மகன்.

எல்லாவற்றையும் அழிக்க ஒரு பொத்தான் உண்டு.
விரல் அதுவரை போனது.
பூனை எழுந்து, ஒரு சுற்று சுற்றி,
மறுபடி படுத்தது.

ஏணியை எடுத்தேன்.
பதினொரு விளக்கையும் கழற்றினேன்.
டிராயரில் சாதாரண பல்பு ஆறுதான் இருந்தது,
மீதி ஐந்து இடம் இருட்டு.
சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றார் தௌனோ,
பத்து வருடமாய்ச் சாய்ந்து நிற்கும் சுவரைத் தடவியபடி.
கழற்றிய விளக்கும் ஏழு நாள் கணக்கில் நிற்கும் என்பது
ஏணி உச்சியில்தான் எனக்கு நினைவு வந்தது.
இறங்கிப்போய்
பிளக்கைக் கையால் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு, ஐந்து ஐம்பத்தைந்து.
சூப் அடிபிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்று வரிகள் ஒன்றாக உதிர்ந்தன.
நாலாவது ஆறு நிமிடம் தாமதம்.

ஹில்யா கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்த நேரம் அது.
பின்சீட்டில் எவனோ ஒருவன்
எங்கள் வாசலை விடாமல் பிடித்திருக்கிறான்.
எவன் என்று பட்டியலில் இல்லை.